வீட்டுப் பொடியை இணையத்தில் விற்கிறீர்களா? விளம்பரத்துக்குப் பணம் கட்டும் முன் செய்ய வேண்டியவை

முதல் வருடத்தில் இணைய விளம்பரம் என்ற பெயரில் நான் தொலைத்தது 52,080 ரூபாய். கணக்கு நோட்டில் அப்படியே இருக்கிறது. தேடலில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவதாகச் சொன்ன நிறுவனத்துக்கு மாதம் 12,000 வீதம் மூன்று மாதம். எங்கள் இணையதளப் பெயரையே மீட்டெடுக்க 9,000. வடகம் காயும் காணொளி ஒன்றை ஊரெல்லாம் காட்ட வரியோடு 7,080. இவ்வளவுக்கும் சேர்த்து வந்த ஆர்டர்கள் இரண்டு. அதில் ஒன்று என் சித்தி மகள் போட்டது.

பாளையங்கோட்டையில் வீட்டின் பின்கட்டில் இட்லிப் பொடி, பருப்புப் பொடி, கூழ் வடகம், மோர் மிளகாய் செய்து அனுப்புகிறோம். விளம்பரத்துக்குப் போடும் பணம் இப்போது திரும்பி வருகிறது. அன்று வராமல் போனதற்குக் காரணம், கடைசியாகச் செய்ய வேண்டியதை நான் முதலில் செய்ததுதான். பொடியை வைத்தே சொல்கிறேன். நீங்கள் புடவை விற்பவராகவோ வலைப்பூவின் வழியாக எதையாவது விற்பவராகவோ இருந்தால் உணவு உரிமத்தைப் பற்றிய வரிகளை மட்டும் தாண்டிப் போகலாம்.

1. காகிதங்களை முதலில் எடுத்து வையுங்கள்

உணவுப் பொருள் என்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு இல்லாமல் ஒரு பொட்டலமும் வெளியே போகக்கூடாது. ஃபாஸ்காஸ் என்ற அரசு தளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம். ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்ததால் எங்களுக்கு அடிப்படைப் பதிவே போதுமானதாக இருந்தது. அதற்கு அரசுக் கட்டணம் அப்போது வருடத்துக்கு 100 ரூபாய். புகைப்படம், அடையாளச் சான்று, முகவரிச் சான்று, செய்யும் பொருள்களின் பட்டியல் ஆகியவை கேட்டார்கள். மின் கட்டண ரசீது அப்பா பெயரில் இருந்தது. எனவே அந்த இடத்தில் தொழில் செய்ய அவருக்கு ஆட்சேபம் இல்லை என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கி இணைத்தேன். ஒன்பது நாளில் 14 இலக்க எண் வந்தது. அந்த எண் லேபிளிலும் இருக்க வேண்டும், இணையதளத்திலும் இருக்க வேண்டும்.

சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு உத்யம். அதற்குக் கட்டணமே கிடையாது. ஆதார், பான் இருந்தால் கால் மணி நேர வேலை. அதைத் தேடும்போது அரசு தளம் போலவே தோற்றமளிக்கும் தனியார் பக்கங்கள் மேலே வந்து நின்று பணம் கேட்கும். முகவரியின் முடிவில் அரசுக்குரிய அடையாளம் (gov.in) இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எதையும் நிரப்ப வேண்டும்.

அடுத்தது ஜிஎஸ்டி. பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். 'ஆண்டுக்கு 40 லட்சம் வரை ஜிஎஸ்டி வேண்டாம்' என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது மாநிலத்துக்குள் பொருள் விற்பவருக்குப் பொருந்துவது. பெங்களூருக்கு ஒரே ஒரு பொட்டலம் அனுப்பினாலும் அது மாநிலம் தாண்டிய விற்பனை. அறிவிக்கப்பட்ட சில கைவினைப் பொருள்கள் நீங்கலாக, முதல் ரூபாயிலிருந்தே பதிவு கட்டாயம். பதிவுக்கு அரசுக் கட்டணம் இல்லை. ஆனால் பதிவு எடுத்த பிறகு விற்பனையே இல்லாத மாதத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். மறந்தால் நாள் கணக்கில் தாமதக் கட்டணம் ஏறும். அதனால் முதல் ஆறு மாதம் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்பது என்று நாங்கள் முடிவு செய்தோம். இந்த முடிவை விளம்பரத்துக்கு முன்பே எடுத்தாக வேண்டும். மும்பைக்காரருக்கு விளம்பரம் காட்டிவிட்டு, அவர் ஆர்டர் போட்டதும் அனுப்ப முடியாது என்று சொல்வதைவிட வீண் செலவு வேறில்லை.

இன்னொன்று, நம் ஊருக்கே உரிய தொல்லை: இனிஷியல். என் பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக விரிந்து முன்னால் நிற்கிறது. ஆதாரில் என் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து. வங்கிக் கணக்கில் அதே எழுத்து முன்னால், புள்ளியோடு. மனிதர் பார்த்தால் ஒரே ஆள்தான். கணினி அப்படி நினைப்பதில்லை. வாடிக்கையாளர் இணையத்தில் கட்டும் பணத்தை நம் கணக்குக்குக் கொண்டுவரும் பேமென்ட் கேட்வேக்கு விண்ணப்பித்தபோது பெயர் பொருந்தவில்லை என்று இரண்டு முறை திரும்பி வந்தது. கடைசியில் வங்கிக் கிளைக்குப் போய் கணக்கின் பெயரை பான் அட்டையில் இருப்பது போலவே மாற்றிக்கொண்டேன். அதற்குப் பதினொரு நாள் ஆனது. நீங்கள் இன்றே மூன்றையும் மேசைமேல் வைத்து எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள்.

2. இணையதளப் பெயரை உங்கள் கையாலேயே வாங்குங்கள்

எங்கள் தளத்தை வடிவமைத்தவர் 'எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன்' என்றார். பார்த்துக்கொண்டார். டொமைனை, அதாவது இணையதளப் பெயரை, தன் மின்னஞ்சலில், தன் பெயரில் பதிந்துகொண்டார். ஒரு வருடம் கழித்துப் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது 9,000 ரூபாய் கேட்டார். லேபிள், பை, பெட்டி எல்லாவற்றிலும் அந்த முகவரியை அச்சடித்து வைத்திருந்தோம். கொடுத்தேன்.

டொமைனைப் பதிவு நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மின்னஞ்சல், உங்கள் தொலைபேசி எண் கொடுத்து நீங்களே வாங்குங்கள். வடிவமைப்பவருக்குத் தேவையான அனுமதியை மட்டும் பிறகு கொடுக்கலாம். முதல் வருட விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். 199 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு இரண்டாம் வருடம் ஆயிரத்துக்கு மேல் கேட்பது சாதாரணம். புதுப்பிக்கும் கட்டணம் எவ்வளவு என்பதைச் சிறிய எழுத்தில் தேடிப் படியுங்கள். டாட் காம் வாங்கினால் மின்னஞ்சலைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு கடிதம் வரும். 15 நாளுக்குள் அதை அழுத்தாவிட்டால் தளம் முடங்கும். அது பெரும்பாலும் ஸ்பேம் பெட்டியில்தான் கிடக்கும்.

பெயரைத் தேர்ந்தெடுக்கும்போது தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று பாருங்கள். 'வடகம்' என்பதில் 'க'வுக்கு ஜி போடுவார்களா, கே போடுவார்களா? 'ழ' வரும் பெயர் என்றால் கேட்கவே வேண்டாம். பெயரை வாயால் சொல்லி வீட்டில் நான்கு பேரைத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். நால்வரும் ஒரே மாதிரி தட்டினால் வாங்குங்கள்.

3. தளத்தில் என்னென்ன பக்கங்கள்

கேட்வே நிறுவனங்கள் தளத்தைத் திறந்து பார்த்த பிறகே அனுமதி தரும். தொடர்பு முகவரி, விதிமுறைகள், தனியுரிமை, பணம் திரும்பத் தருவது, பொருள் அனுப்பும் முறை ஆகிய ஐந்து பக்கங்களும் இருக்க வேண்டும். வேறு தளத்திலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது அவர்கள் கடைப் பெயரை நீக்க மறந்துவிடாதீர்கள். சிரிக்காதீர்கள், எனக்கு நடந்தது.

கட்டணம் பெரும்பாலும் ஒவ்வொரு ஆர்டரிலும் 2 சதவீதம், அந்தக் கட்டணத்தின்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 500 ரூபாய் ஆர்டருக்கு 11 ரூபாய் 80 காசு போகும். பணம் உங்கள் கணக்குக்கு வர இரண்டு மூன்று வேலை நாள் ஆகும். முதல் மாதம் யுபிஐ க்யூஆர் மட்டும் வைத்துக்கொண்டு ஆரம்பித்தாலும் குற்றமில்லை.

படங்களைக் காலை வெயிலில், வீட்டு வாசலில் எடுத்தால் போதும். ஆனால் கைப்பேசியில் எடுத்த நான்கு எம்பி படத்தை அப்படியே ஏற்றினால் கிராமத்து இணைய வேகத்தில் பக்கம் திறப்பதற்குள் ஆள் போய்விடுவார். 200 கேபிக்குள் சுருக்கிவிட்டு ஏற்றுங்கள்.

4. கூகுள் தேடலில் வருவது: பணம் வேண்டாம், பொறுமை வேண்டும்

முதல் பக்கத்துக்கு உத்தரவாதம் தருகிறேன் என்று யார் சொன்னாலும் தொலைபேசியை வைத்துவிடுங்கள். முதல் இடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறது. எங்களிடம் 36,000 வாங்கிய நிறுவனம் மூன்றாம் மாதம் ஒரு படம் எடுத்து அனுப்பியது: எங்கள் கடைப் பெயரைத் தேடினால் முதலில் எங்கள் தளம்தான் வருகிறதாம். எங்கள் பாட்டி பெயரை வைத்துச் சூட்டிய பெயர் அது. உலகத்தில் வேறு எந்தக் கடைக்கும் அந்தப் பெயர் கிடையாது.

நீங்கள் செய்ய வேண்டியது: கூகுள் சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியில் தளத்தைச் சேருங்கள். தளம் உங்களுடையதுதான் என்று நிரூபிக்க, டொமைன் அமைப்பில் ஒரு வரியை ஒட்டச் சொல்லும். டொமைன் உங்கள் கையில் இருந்தால் இது ஐந்து நிமிட வேலை. பிறகு தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் தள வரைபடக் கோப்பைக் (சைட்மேப்) கொடுங்கள். பக்கங்கள் தேடலில் ஏறச் சில நாள் முதல் சில வாரம் வரை ஆகும். பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகலாம் என்பது கூகுளின் கணிப்பு; எங்களுக்கு ஏழு மாதம் ஆனது.

எதை எழுதுவது என்பதற்கு நான் கண்ட வழி ஒன்றுதான். தொலைபேசியில் வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகளை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். 'பூண்டு போட்டதா, போடாததா?' 'எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?' 'மழைக்காலத்தில் வடகம் நமுத்துப்போனால் என்ன செய்வது?' 'மகனுக்கு வெளிநாட்டுக்குக் கொடுத்துவிடலாமா?' ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பக்கம் எழுதினேன். நமுத்த வடகத்தைப் பற்றி எழுதிய பக்கம்தான் இன்றுவரை அதிகம் பேரைக் கூட்டி வருகிறது. ஐப்பசி கார்த்திகையில் பாருங்கள், தேடிக்கொண்டு வருகிறார்கள்.

5. கூகுள் வரைபடத்தில் இடம்

கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம். ஆனால் நேரில் வாடிக்கையாளரைச் சந்திக்கும் தொழிலுக்கு மட்டுமே அது உண்டு. ஆள் வீட்டுக்கு வந்து வாங்குவதோ நீங்கள் போய்க் கொடுப்பதோ இல்லாமல் கூரியரில் மட்டும் அனுப்புபவர் அதில் பதியக்கூடாது. எங்களிடம் மாலையில் நேரில் வந்து வாங்குபவர்கள் உண்டு என்பதால் பதிந்தோம். வீட்டுக்கு ஆள் வருவதை விரும்பாமல் உள்ளூரில் நீங்களே கொண்டுபோய்க் கொடுப்பவராக இருந்தால் முகவரியை மறைத்து, சேவை செய்யும் பகுதிகளை மட்டும் காட்டலாம். சரிபார்ப்புக்குக் காணொளி கேட்கலாம்: தெரு, பெயர்ப் பலகை, வேலை நடக்கும் இடம் எல்லாம் ஒரே காட்சியில் வர வேண்டும். முடிவு வர ஐந்து வேலை நாள் வரை ஆகும். பெயர் இடத்தில் கடைப் பெயரை மட்டும் போடுங்கள். 'சிறந்த இட்லிப் பொடி திருநெல்வேலி' என்று வால் ஒட்டினால் கணக்கு முடக்கப்படலாம்.

6. வாட்ஸ்அப்பில் ஒரு வாடிக்கையாளர் பட்டியல்

தனி எண் ஒன்று வாங்கி வாட்ஸ்அப் பிசினஸ் செயலியை வையுங்கள். கேட்லாக்கில் விலையோடு பொருள்களை ஏற்றிவிட்டால் 'ரேட் என்ன?' என்ற கேள்விக்கு நாளெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போகும். ஆகவே ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சிறு சீட்டு வைக்கிறோம்: 'இந்த எண்ணைச் சேமித்து "பொடி" என்று ஒரு வார்த்தை அனுப்புங்கள், புதிதாக அரைக்கும் நாளைச் சொல்கிறோம்.' சீட்டுக்கு ஆன அச்சுச் செலவு ஆயிரத்துக்கு 350 ரூபாய். நான் செய்த விளம்பரங்களிலேயே மலிவானதும் அதிகம் விற்றதும் அந்தச் சீட்டுதான்.

ஆயிரக்கணக்கான எண்களை விலைக்குத் தருகிறோம், ஒரே அழுத்தில் எல்லாருக்கும் அனுப்பும் மென்பொருள் தருகிறோம் என்று வருபவர்களை நம்பாதீர்கள். எண் தடை செய்யப்பட்டால் பழைய வாடிக்கையாளரும் சேர்ந்து போய்விடுவார்.

7. கணக்குப் போட்ட பிறகுதான் விளம்பரம்

இவ்வளவும் ஆன பிறகு பணத்தை எடுங்கள். அதற்கும் முன் ஒரு காகிதத்தில் இதைப் போட்டுப் பாருங்கள். என் கணக்கைத் தருகிறேன்.

அரைக் கிலோ இட்லிப் பொடியின் விலை 280 ரூபாய். சாமான், வறுவல், அரவை 120. பை, லேபிள், பெட்டி 22. தமிழ்நாட்டுக்குள் கூரியர் 60. கேட்வே சுமார் 6 ரூபாய் 60 காசு. மீதி 71 ரூபாய் சொச்சம். விளம்பரத்துக்கு 3,000 போட்டேன். அதன்மேல் ஜிஎஸ்டி 540. ஆக 3,540. வந்த ஆர்டர் 31. ஓர் ஆர்டரைப் பிடிக்க 114 ரூபாய். அதாவது ஒவ்வொரு பொட்டலத்துக்கும் கைக்காசு 43 ரூபாயைச் சேர்த்துக் கட்டி அனுப்பியிருக்கிறேன். ஆர்டர் குவிகிறது என்று வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம் வேறு.

பிறகு ஒற்றைப் பொட்டலத்தை விளம்பரத்திலிருந்து எடுத்துவிட்டு, இரண்டு பொட்டலத்தை 560 ரூபாய்க்குச் சேர்த்துக் காட்டினேன். சாமான் 240, கட்டும் செலவு 34, கூரியர் 75, கேட்வே 13. மீதி 198. அதே 114 ரூபாயில் ஆர்டர் கிடைத்தால்கூட 84 ரூபாய் கையில் நிற்கிறது. பொடி அதேதான், விளம்பரப் படமும் அதேதான்.

கூரியரில் ஒரு பொறி உண்டு. எடை குறைவாக இருந்தாலும் பெட்டி பெரிதாக இருந்தால் அளவை வைத்துக் கட்டணம் போடுவார்கள். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பல நிறுவனங்களின் வழக்கம். 30க்கு 20க்கு 15 என்ற பெட்டி 1.8 கிலோவாகக் கணக்காகும். உள்ளே இருப்பதோ அரைக் கிலோ வடகம். வடகம் விற்பவர்கள் 'டெலிவரி இலவசம்' என்று விளம்பரத்தில் போடும் முன் இந்தப் பெருக்கலைச் செய்யுங்கள்.

இனி அமைப்புகள். சமூக ஊடகப் பதிவுக்குக் கீழே, காசு கட்டி அதைப் பலருக்குக் காட்ட இருக்கும் 'பூஸ்ட்' பொத்தானை அவசரத்தில் அழுத்தாதீர்கள். 6,000 ரூபாயும் வரியும் போனது எனக்கு அதில்தான். 2,300 பேர் விருப்பக்குறி போட்டார்கள்; வாங்குபவரைத் தேடித் தரும்படி நான் கேட்கவேயில்லை, ரசிப்பவரைத்தான் கேட்டிருந்தேன். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டாவின் விளம்பரப் பக்கமான ஆட்ஸ் மேனேஜருக்குள் போய், நோக்கம் என்ற இடத்தில் விற்பனையைத் தேர்ந்தெடுங்கள். மாவட்டங்களைக் குறியுங்கள். நாளுக்கு 150 ரூபாயில் பத்து நாள் ஓட விடுங்கள். இடையில் கை வைக்காதீர்கள்.

கூகுளில் விளம்பரம் செய்தால் இரண்டு இடங்களை மாற்ற வேண்டும். இடத் தேர்வில் 'அங்கே இருப்பவர்கள்' என்பதோடு 'அந்த ஊரில் ஆர்வம் உள்ளவர்கள்' என்பதும் சேர்ந்தே வரும். முதலாவதை மட்டும் வையுங்கள். தேடல் விளம்பரத்தோடு மற்ற தளங்களிலும் காட்டு என்று இருக்கும் குறிகளை நீக்குங்கள். கணக்கைத் தொடங்கும்போது நாணயம் ரூபாய்தானா என்று பாருங்கள், பிறகு மாற்ற முடியாது. ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அந்த எண்ணை விளம்பரக் கணக்கில் கொடுத்துவையுங்கள். விளம்பரத்துக்குக் கட்டிய வரியை, நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியிலிருந்து உள்ளீட்டு வரியாகக் கழிக்க அது வேண்டும்.

விளம்பரம் ஓடத் தொடங்கிய மூன்றாம் நாள், மக்கள் உண்மையில் என்ன தட்டினார்கள் என்ற பட்டியலைத் திறந்தேன். 'இட்லி பொடி செய்வது எப்படி', 'இட்லி பொடி செய்முறை', 'இட்லி பொடி அளவு'. வரிசையாக இப்படியே. தானே அரைத்துக்கொள்ளப் போகிறவர் ஒவ்வொருவருக்கும் நான் காசு கொடுத்துக்கொண்டிருந்தேன்! 'எப்படி', 'செய்முறை', 'அளவு' ஆகியவற்றையும், அவற்றை ஆங்கில எழுத்தில் தட்டும் வடிவங்களையும் விலக்குச் சொற்களில், அதாவது தேடினால் விளம்பரம் காட்டக்கூடாத சொற்களின் பட்டியலில், சேர்த்தேன். மறுநாளே வீண் செலவு பாதியாகக் குறைந்தது. தமிழைத் தமிழ் எழுத்தில் தட்டுபவரும் உண்டு, ஆங்கில எழுத்தில் தட்டுபவரும் உண்டு. இரண்டு வரிசைகளையும் வாரம் ஒருமுறை பாருங்கள்.

விளம்பரம் தொடங்கிய ஒரு வாரத்தில் 'உங்கள் பக்கம் காப்புரிமையை மீறியிருக்கிறது, 24 மணி நேரத்தில் நீக்கப்படும்' என்று ஒரு செய்தி வரலாம். அதிலிருக்கும் இணைப்பை அழுத்திக் கடவுச்சொல் கொடுத்தவர்கள் பக்கத்தையே இழந்திருக்கிறார்கள். கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டுவையுங்கள். நிர்வாகி உரிமையை வீட்டில் இன்னொருவருக்கும் கொடுத்துவையுங்கள்.

8. பணம் கொடுத்துப் புகழச் சொல்வது

ஊர்ச் சாப்பாட்டைப் படம் எடுத்துப் போடுபவர்களிடம் பொருள் அனுப்பிப் பேசச் சொல்லலாம். பணமோ பொருளோ வாங்கியிருந்தால் அது விளம்பரம் என்று பதிவிலேயே அவர்கள் சொல்ல வேண்டும். அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். 'இந்தப் பொடி சர்க்கரை நோயைக் குறைக்கும்' என்று அவர் ஆர்வத்தில் சொல்லிவிட்டால் சிக்கல் உங்களுக்கும்தான். உணவைப் பற்றித் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவில் 10 லட்சம் வரை அபராதம் இருக்கிறது. என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்று அரைப் பக்கம் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். அவர் பார்வையாளர்களில் தமிழ்நாட்டில் இருப்பவர் எவ்வளவு பேர் என்ற பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயங்குபவருக்குப் பொட்டலம் அனுப்பாதீர்கள்.

9. எப்போது தொடங்குவது

தீபாவளி விற்பனைக்கு என்றால் ஆடி மாதமே காகித வேலையைத் தொடங்கிவிடுங்கள். உணவுப் பதிவு, வங்கிப் பெயர் மாற்றம், கேட்வே மூன்றுக்கும் சேர்த்து ஐந்து வாரம் வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்தைத் தீபாவளிக்கு 25 நாள் முன்பு சிறிய தொகையில் ஆரம்பித்து, எட்டு நாள் முன்பே நிறுத்திவிடுகிறேன். அதற்குப் பிறகு வரும் ஆர்டரைக் கூரியர் அலுவலகத்தில் மலைபோல் குவிந்திருக்கும் பெட்டிகளுக்கு அடியில்தான் தேட வேண்டியிருக்கும். வடகத்துக்கு வேறு கணக்கு: பங்குனி, சித்திரை வெயிலில் போட்டதை ஐப்பசி மழையில் விற்கிறோம். அந்தப் பக்கங்களை நாங்கள் வெயில் காயும்போதே எழுதி ஏற்றிவிடுகிறோம்.